நெல்சன் கப்பலா, பம்பாய்க் கப்பலா? ஒரு பயிற்சிக் கப்பலின் பெயர்க் குழப்பம்

தூத்துக்குடியில் எனக்கு ஒரு அண்ணாச்சி இருக்கிறார். சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக முப்பது வருஷம் ஓடிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். எந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்கினாலும் பழைய சாமான் கடைக்குள் புகுந்து, கப்பல் படம் போட்ட அஞ்சலட்டை பொறுக்குவது அவருடைய பழக்கம். ஒரு நாள் வாட்ஸாப்பில் ஒரு அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினார். முன்பக்கம் ஒரு துறைமுகம். அதில் நங்கூரம் போட்டு நிற்கும், மூன்று பாய்மரங்கள் கொண்ட ஒரு கப்பல். கீழே ‘ஃபூட்ராயன்ட், ஃபால்மவுத்’ என்று அச்சு, கப்பலின் பெயரும் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றின் பெயரும். பின்பக்கம் யாரோ பென்சிலில், ‘நெல்சனின் கப்பல்’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

“தம்பி, இது நெல்சன் இருந்த கப்பல்தானா? ஒருத்தன் நல்ல விலை சொல்லுதான். பொய் சொல்லி விக்கக் கூடாதுல்லா, பாத்துச் சொல்லு.”

நெல்சன் என்றால் நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. ஃபூட்ராயன்ட் என்ற கப்பலில் அவர் இருந்தது உண்மை. அந்தக் கப்பல் 1897-இல் உடைந்துபோனதும் உண்மை. அதே பெயரில் ஒரு கப்பல் 1986 வரை பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்ததும் உண்மைதான். பழைய பயிற்சிக் கப்பல்களின் வரலாற்றைத் தேடப் போகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. அதனால் அண்ணாச்சியின் அட்டையையே ஒரு வழக்காக எடுத்துக்கொண்டு, எந்தத் தடயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன்.

பெயர் ஏன் ஏமாற்றுகிறது

நெப்போலியனுடன் போர் முடிந்தபோது பிரிட்டிஷ் கடற்படையிடம் மரப் போர்க்கப்பல்கள் குவிந்து கிடந்தன. பிறகு நீராவி வந்தது, இரும்பு வந்தது. சண்டைக்கு ஆகாத மரக் கப்பலை என்ன செய்வது? பீரங்கிகளை இறக்கி, மேலே கூரை வேய்ந்து, ஆற்று முகத்துவாரத்தில் கட்டிப்போட்டால் அது ஒரு கட்டடம். சிறையாக்கலாம், கிடங்காக்கலாம், ஆஸ்பத்திரியாக்கலாம். பள்ளிக்கூடமும் ஆக்கலாம்.

பள்ளிக்கூடம் என்றால் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. கடற்படையில் சேரும் பையன்களுக்கான கப்பல்கள் ஒரு வகை. வணிகக் கப்பல் அதிகாரிகளை உருவாக்கிய கான்வே, உஸ்டர் போன்றவை வேறு வகை. ஏதோ தப்புச் செய்து மாஜிஸ்திரேட் முன் நின்ற பையன்களையும் கதியற்ற பிள்ளைகளையும் வைத்திருந்த சீர்திருத்தக் கப்பல்கள் மூன்றாவது. நான்காவதாக, 1859-இல் சட்டம் போட்டு உருவாக்கிய கடற்படை ரிசர்வ். வணிகக் கப்பல் மாலுமிகளும் மீனவர்களும் வருஷத்துக்கு 28 நாள் வந்து பீரங்கி பழகிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கென்றும் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. எந்த வகை என்று தெரியாமல் ஆவணம் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். கடற்படைப் பையனின் பதிவேடு லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படைக் கட்டுகளில் இருக்கும். சீர்திருத்தக் கப்பல் பையனை அங்கே தேடினால் கிடைக்க மாட்டான். அந்தக் கப்பல்கள் உள்துறையின் மேற்பார்வையில் இருந்தவை.

இப்போது பெயருக்கு வருவோம். பள்ளிக்கூடத்துக்குப் பெயர் முக்கியம். நன்கொடை கொடுப்பவர்களுக்குத் தெரிந்த பெயர், பழைய மாணவர்கள் சட்டையில் குத்திக்கொண்ட பெயர். கப்பல் மக்கிப்போனால் கடற்படை வேறொரு கப்பலைக் கொடுக்கும். பள்ளி அதற்குக் குடிபெயர்ந்து, பழைய பெயரையே புதுக் கப்பலுக்கு எழுதிவிடும். நம்மூரில் ஸ்கூல் வேறு கட்டடத்துக்கு மாறினால் போர்டைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டுவார்களே, அதே கதை. லிவர்பூலில் கான்வே என்ற பெயரில் அடுத்தடுத்து மூன்று கப்பல்கள் நின்றன. 1859-இல் வந்தது அசல் கான்வே. 1861-இல் அதன் இடத்துக்கு வந்தது வின்செஸ்டர். 1876-இல் வந்தது நைல். 1953 ஏப்ரல் 14 அன்று மெனாய் நீரிணையில் இழுத்துச் செல்லும்போது தரைதட்டி முதுகு ஒடிந்தது இந்த நைல்தான். செய்தித்தாள்களில் கான்வே உடைந்தது என்றுதான் வந்தது. தப்பில்லை, அப்போது அதன் பெயர் கான்வேதான்.

எனவே பெயர் என்பது பள்ளியின் முகவரி. கப்பலைத் தேடுகிறவர் பிடிக்க வேண்டியது மர உடலை. அதாவது, ஏராக்கட்டை (கப்பலின் அடிமரம்) எங்கே, எந்த வருஷம் போடப்பட்டது என்பதை.

அட்டையில் என்ன தெரிகிறது

அண்ணாச்சியின் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கம் நடுவில் ஒரு கோடு. இடப்புறம் செய்திக்கு, வலப்புறம் முகவரிக்கு. சாதாரண விஷயம் மாதிரித் தோன்றும். ஆனால் பிரிட்டனில் இப்படிப் பிரித்த பின்பக்கம் 1902-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்பு பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும். ஆக, அட்டை 1902-க்குப் பிந்தியது. நெல்சன் கப்பல் உடைந்தது 1897. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது, பழைய படத்தைப் பிற்பாடு அச்சடித்திருக்கலாமே.

அடுத்தது பீரங்கி வாசல்கள். கப்பலின் பக்கவாட்டில் சதுரம் சதுரமாகத் தெரியும் ஓட்டைகள். நெல்சனின் ஃபூட்ராயன்ட் 80 பீரங்கிக் கப்பல், இரண்டு முழு பீரங்கித் தளம் கொண்டது. அப்படியானால் பக்கவாட்டில் இரண்டு வரிசை வாசல் இருந்தாக வேண்டும். அட்டையில் இருந்த கப்பலுக்கு ஒரே வரிசை. ஒரே வரிசை என்றால் அது ஃபிரிகேட் வகை, வேகத்துக்காகக் கட்டிய நடுத்தரக் கப்பல். நெல்சன் கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 184 அடி நீளம். இதன் தளம் சுமார் 150 அடி. தேரையும் சப்பரத்தையும் பக்கத்தில் வைத்தால் குழப்பம் வராது, தனித்தனியாகப் படத்தில் பார்த்தால் வரும்.

மூன்றாவதாக, ஃபால்மவுத். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தத் துறைமுகத்தில் பயிற்சிக் கப்பலாக நின்றது இது ஒன்று மட்டும் கிடையாது. 1866 முதல் 1899 வரை கேஞ்சஸ் என்ற கப்பல் கடற்படைப் பையன்களோடு அங்கே நின்றது. அது 84 பீரங்கி, இரண்டு வரிசை. 1912 முதல் 1932 வரை இம்ப்ளாக்கபிள் என்ற 74 பீரங்கிக் கப்பலும் அங்கே இருந்தது. அதுவும் இரண்டு வரிசை. ஃபூட்ராயன்டும் இம்ப்ளாக்கபிளும் அருகருகே நிற்கும் படத்தில், பெரிய கப்பலைப் பார்த்து ‘இதுதான் நெல்சன் கப்பலாக இருக்கும்’ என்று யாரும் நினைப்பார்கள். அந்தப் பெரிய கப்பலோ டிராஃபல்கர் கடற்சண்டையில் நெல்சனுக்கு எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட பிரெஞ்சுக் கப்பல்! அசல் பெயர் துகே துருவான். 1805 அக்டோபரில் தப்பித்து ஓடி, நவம்பர் 4-ஆம் தேதி பிடிபட்டது.

அண்ணாச்சியின் அட்டையில் ஒரே கப்பல், ஒரே வரிசை, 1902-க்குப் பிந்திய அச்சு, ஃபால்மவுத். எல்லாம் ஒரே பக்கம் கை காட்டின.

உடைந்த ஃபூட்ராயன்ட்

அசல் ஃபூட்ராயன்ட் 1798 மார்ச்சில் பிளிமத்தில் நீரில் இறங்கியது. பிரெஞ்சுப் பெயர், இடி மின்னல் போல் தாக்குவது என்று பொருள். அதற்கு முன்பு பிரெஞ்சுக்காரர்களிடம் பறித்த ஒரு கப்பலின் பெயரை நினைவாக இதற்கு வைத்தார்கள். (பெயரை இடம் மாற்றும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது, பாருங்கள்.) 1799-இல் மத்தியதரைக் கடலில் நெல்சன் தன் கொடியை இதில் ஏற்றினார். நேபிள்ஸ், மால்டா என்று பேர் போன நாட்கள் அவை.

அப்புறம் அதுவும் கிழடானது. 1860-களில் டெவன்போர்ட்டில் பீரங்கிப் பயிற்சிக் கப்பலாக மாறியது. 1892-இல் போர்ட்ஸ்மவுத்தைச் சேர்ந்த ஜே. ரீட் என்ற பழங்கப்பல் வியாபாரிக்கு விற்றார்கள். அவர் உடனே ஜெர்மனியில் கப்பல் உடைப்பவர்களுக்குத் தள்ளிவிட்டார். நெல்சன் கப்பலை ஜெர்மன்காரன் விறகாக்குவதா என்று பிரிட்டனில் கூச்சல். அப்போதுதான் வீட்லி காப் உள்ளே வந்தார். வேல்ஸ் எல்லையில் கால்டிகாட் கோட்டையில் வாழ்ந்த பணக்காரர். 6,000 பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார், 20,000 பவுண்டு செலவழித்துப் புதுப்பித்தார். போட்ட காசை எடுக்கக் கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுபோய் டிக்கெட் போட்டுக் காட்டினார்.

1897 ஜூன் 16. பிளாக்பூலில் புயல். நங்கூரச் சங்கிலி தாங்கவில்லை. கப்பல் இழுபட்டு, அங்கிருந்த வடக்குக் கடற்பாலத்தையும் இடித்துவிட்டுக் கரை ஏறியது. ஆட்களைக் காப்பாற்றிவிட்டார்கள், கப்பலை முடியவில்லை. அந்த வருஷக் கடைசியில் அலைகள் மிச்சத்தையும் பிரித்துப் போட்டன.

ஒதுங்கிய மரமும் செம்பும் வியாபாரமாயின. செம்பை உருக்கி நெல்சன் முகம் போட்ட பதக்கங்கள் அடித்தார்கள். மரத்தில் மேசை, நாற்காலி, சுவர்ப் பலகை. இன்றும் ஏலங்களில் இவை வருகின்றன. இவையெல்லாம் அசல் ஃபூட்ராயன்டின் துண்டுகள். ஆனால் ஃபூட்ராயன்ட் என்று போட்ட அஞ்சலட்டை பெரும்பாலும் அடுத்த கப்பலுடையது. துண்டு ஒரு கப்பலிலிருந்து, படம் இன்னொரு கப்பலிலிருந்து. சேகரிப்பவர்கள் இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் மாட்டிவைத்தால் குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்.

திருகோணமலை என்ற கப்பல்

நெல்சன் கப்பல் கரை ஒதுங்குவதற்குச் சரியாக நான்கு வாரம் முன்பு, 1897 மே 19 அன்று, கடற்படை இன்னொரு கிழட்டுக் கப்பலை விற்றது. வாங்கியவர் அதே ஜே. ரீட். கப்பலின் பெயர் டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை. உடைப்பதற்காக வாங்கியது. கைவசம் கப்பல் இல்லாமல் நின்ற காப் அதை மீட்டு, செப்பனிட்டு, 1903-இல் பையன்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கினார். தொலைந்துபோனதன் நினைவாக ஃபூட்ராயன்ட் என்று பெயர் மாற்றினார். இறந்துபோன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது போல. பாசம் புரிகிறது. ஆனால் ஒரு வரலாற்றை மறைத்த பாசம் அது. என் அபிப்பிராயத்தில், அந்த வரலாறு நெல்சன் கதைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

டிரிங்கோமலி பம்பாயில் கட்டியது. 1812-இல் ஆர்டர் வந்தது. வரைபடத்தை ஜாவா என்ற போர்க்கப்பலில் அனுப்பினார்கள். அந்த ஜாவா, பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் கப்பலிடம் சிக்கி அழிந்தது. வரைபடமும் போயிற்று. மறுபடி ஒரு பிரதி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வடிவமே பிரெஞ்சுக்காரர்களின் ஹெபே என்ற கப்பலைப் பிடித்து, அளந்து எடுத்தது. பிரெஞ்சு வடிவம், ஆங்கில ஆர்டர், மலபார் தேக்கு, பார்சி கை.

அந்தக் கை ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவுடையது. வாடியா என்ற சொல்லே குஜராத்தியில் கப்பல் கட்டுபவரைக் குறிப்பது, நம் கரையில் ஓடாவி என்பது போல. 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய் வந்த லவ்ஜி நசர்வான்ஜியின் வம்சம் அது. 1816 ஏப்ரல் 25 அன்று ஏராக்கட்டை போட்டபோது ஜம்ஷெட்ஜி அதில் ஒரு வெள்ளி ஆணி அடித்தார். பார்சி வழக்கம். தோணி கட்டும்போது ஏராவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, காசு போட்டுப் பூஜை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், தலைப்பாகை கட்டிய ஒரு ஆளின் சிலை.

பெயர் வந்தது 1782-இல் நடந்த சண்டையிலிருந்து. ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்துவிட்டார். காப்பாற்ற வந்த ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் சில நாட்கள் தாமதம். செப்டம்பர் 3 அன்று கோட்டைக்கு வெளியே கடலில் மோதினார்கள். யாரும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்காத சண்டையின் பெயரைக் கப்பலுக்கு வைப்பதற்கு ஒரு தாராள மனசு வேண்டும்.

முதல் பயணத்தில் ஒரு சுவாரஸ்யம். பம்பாயிலிருந்து இங்கிலாந்து போகும் வழியில் 1819 ஜனவரி 24 அன்று செயின்ட் ஹெலினாவில் நின்றது. ஆறு நாள் கழித்துக் கிளம்பும்போது ஒரு பயணி கூடுதல். பெயர் ஜான் ஸ்டோக்கோ, கடற்படை மருத்துவர். தீவில் கைதியாக இருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்தவர். ஆக, அண்ணாச்சியின் கப்பலுக்கு நெல்சன் சம்பந்தம் இல்லை. நெப்போலியனைக் கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர் ஏறிய கப்பல் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய்யாகாது.

ஏப்ரல் 30 அன்று போர்ட்ஸ்மவுத் சேர்ந்தது. அதோடு வேலை முடிந்தது. போர் ஓய்ந்துவிட்டதால் கூரை போட்டு மூடி, கால் நூற்றாண்டு சும்மா நிறுத்தி வைத்தார்கள். 1845-இல் எடுத்துத் திருத்தினார்கள். பின்பக்கத்தை நீள்வட்டமாக மாற்றி, பீரங்கிகளை 26 ஆகக் குறைத்தார்கள். 1847 முதல் 1850 வரை வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள். 1852 முதல் 1857 வரை பசிபிக். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கனடாவின் மேற்குக் கரையில் சால்ட் ஸ்பிரிங், கேலியானோ தீவுகளுக்கு நடுவே ஓடும் நீர்வழிக்கு இன்றும் டிரிங்கோமலி என்றுதான் பெயர், இந்தக் கப்பலை வைத்து. பக்கத்தில் ஒரு வழிக்குக் கேப்டன் ஹூஸ்டனின் பெயர். ஈழத்து ஊரின் பெயர் பம்பாய்க் கப்பலில் ஏறிப் பசிபிக் போய் இறங்கியிருக்கிறது. அங்கே வரைபடத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டு கொஞ்சம் வேறாக இருக்கும், கடைசி இரண்டு எழுத்துகள் மாறி. தேடுபவர்கள் இரண்டு விதமாகவும் தட்டிப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பயிற்சி வாழ்க்கை. 1861-இல் சண்டர்லாண்டில் ரிசர்வ் ஆட்களுக்கான கப்பல். 1862-இல் ஹார்ட்டில்பூல். 1877-இல் சவுதாம்டன். 1895 வரை அந்த வேலை. நிலக்கரிக் கப்பலிலும் மீன்பிடிப் படகிலும் வேலை பார்த்தவர்கள் வந்து, கனமான பீரங்கியைக் கயிறு போட்டு இழுத்து, தள்ளி, குறி பார்க்கப் பழகிய தளம் அது.

இப்போது வருஷங்களை அருகருகே வையுங்கள். 1870-இல் ஒருவருடைய பதிவேட்டில் ஃபூட்ராயன்ட் என்று இருந்தால் அவர் டெவன்போர்ட்டில் நெல்சன் கப்பலில் பீரங்கி பழகியவர். அதே வருஷம் டிரிங்கோமலி என்றால் ஹார்ட்டில்பூல், ரிசர்வ். 1910-இல் ஃபூட்ராயன்ட் என்றால் ஃபால்மவுத், பம்பாய்த் தேக்கு. பாட்டன் நெல்சன் கப்பலில் படித்தார் என்று சொல்லும் குடும்பங்களில், பாட்டன் 1890-க்குப் பிறகு பிறந்தவராக இருந்தால், அவர் படித்தது வாடியா கட்டிய கப்பலில். கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரிபார்க்க இன்னொரு வழக்கு

ஒரே ஒரு கப்பலை வைத்து விதி சொன்னால் தற்செயல் என்பார்கள். அதனால் வெல்லஸ்லியைப் பார்த்தேன். இது இன்னும் மோசம்.

வெல்லஸ்லியும் பம்பாயில் ஜம்ஷெட்ஜி கட்டியதுதான். 1815-இல் நீரில் இறங்கிய 74 பீரங்கிக் கப்பல். 1839-இல் கராச்சியில் மனோரா கோட்டையைச் சுட்டு நொறுக்கியதும், பிறகு முதல் அபினிப் போருக்குச் சீனா போனதும் இதுதான். இன்னொரு பக்கம், லண்டன் அருகே டெட்ஃபோர்டில் 1812-இல் கட்டிய கார்ன்வால் என்ற கப்பல், தேம்ஸ் நதியில் சீர்திருத்தப் பள்ளியாக இருந்தது. 1868-இல் பெரிய கப்பல் தேவைப்பட்டது. வெல்லஸ்லியைக் கொண்டுவந்தார்கள். பள்ளியின் பெயர் கார்ன்வால் ஆயிற்றே! வெல்லஸ்லிக்குக் கார்ன்வால் என்று பெயர் வைத்தார்கள். பழைய கார்ன்வாலுக்கு வெல்லஸ்லி என்று பெயர் வைத்து டைன் நதிக்கு அனுப்பினார்கள். இரண்டு கப்பலும் பெயரைப் பண்டமாற்றுச் செய்துகொண்டன.

இதோடு விட்டார்களா? டைன் நதிக்குப் போன அந்தக் கப்பல் 1875-இல் உடைபட்டது. அதன் இடத்துக்கு வந்தது பாஸ்கவென். அதற்கும் வெல்லஸ்லி என்று பெயர். 1914 மார்ச் 11 அன்று நார்த் ஷீல்ட்ஸில் தீப்பிடித்து எரிந்தது இந்த மூன்றாவது வெல்லஸ்லிதான்.

அசல் வெல்லஸ்லி, அதாவது கார்ன்வால் என்ற பெயரில் தேம்ஸில் நின்ற பம்பாய்க் கப்பல், 1940 செப்டம்பர் 24 அன்று ஜெர்மன் விமானம் போட்ட குண்டில் மூழ்கியது. வரிசைப் போர்க்கப்பல் (பெரிய சண்டைகளில் வரிசையாக நின்று சுடும் மரக் கப்பல்) ஒன்று விமானத் தாக்குதலில் மூழ்கியது வரலாற்றிலேயே இந்த ஒரு முறைதான். நெல்சன் காலத்து ஆயுதமும் ஹிட்லர் காலத்து ஆயுதமும் ஒரே சேற்றில் சந்தித்துக்கொண்டன. 1948-இல் தூக்கியெடுத்து உடைத்தபோது கிடைத்த தேக்கில் கொஞ்சம், போரில் சேதமான லண்டன் நீதிமன்றக் கட்டடத்தைச் செப்பனிடப் போயிற்று. அந்தக் கட்டடத்துக்குள் மலபார் தேக்கு இருக்கிறது, கார்ன்வால் கப்பலின் மரம் என்ற பெயரில்.

ஸ்காட்லாந்தின் டண்டியில் நிற்கும் யூனிகார்ன் என்ற கப்பலும் இதே ரகம். டிரிங்கோமலியின் சகோதரக் கப்பல், 1824. 1873 முதல் ரிசர்வ் பயிற்சிக் கப்பல். இரண்டாம் உலகப் போரில் புது விமானந்தாங்கிக் கப்பலுக்கு யூனிகார்ன் என்ற பெயர் தேவைப்பட்டதால், கிழவியிடமிருந்து பெயரைப் பிடுங்கி கிரெஸ்ஸி என்று ஆக்கினார்கள். 1959-இல், விமானந்தாங்கி உடைக்கப்போன பிறகு, பெயர் திரும்பியது. நடுவில் அதில் பயிற்சி பெற்றவர்களின் சான்றிதழில் கிரெஸ்ஸி என்று இருக்கும். கப்பல் ஒரு அங்குலம் நகரவில்லை.

மரம் சொல்வது

பம்பாய்க் கப்பல்கள் ஏன் இவ்வளவு நாள் நின்றன என்று அண்ணாச்சியிடம் பேசும்போது அவரே சொன்னார்: “தேக்குல எண்ணெய் இருக்குல்லா, ஆணி துருப்பிடிக்காது.” சரிதான். ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். ஆணியைச் சுற்றி மரமும் கறுத்து இளகும். தேக்கின் எண்ணெய்ப் பசை இரும்பைக் காக்கும், கறையானும் கடல்புழுவும் எளிதில் நெருங்காது. அதனால்தான் ஆங்கில ஓக் கப்பல்கள் ஐம்பது அறுபது வருஷத்தில் ஓயும்போது வாடியா கப்பல்கள் நூறைத் தாண்டின. ஃபால்மவுத்தில் நின்ற கேஞ்சஸும் பம்பாயில் 1821-இல் இறக்கியதுதான். அதுவும் 1899-இல் ஹார்விச்சுக்குப் போய், பிறகு டெனிடாஸ், இண்டஸ், இம்ப்ரெக்னபிள் என்று பெயர் மாறி மாறி, 1930 வரை இருந்தது. பயிற்சிப் பள்ளி மட்டும் கேஞ்சஸ் என்ற பெயரோடு கரையேறி, ஷாட்லியில் 1976 வரை நடந்தது.

தேக்கு மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேண்டும். காப் 1931-இல் இறந்தார். அடுத்த வருஷம் ஃபூட்ராயன்டையும் இம்ப்ளாக்கபிளையும் போர்ட்ஸ்மவுத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இரண்டையும் பராமரிக்கக் காசில்லை. 1949 டிசம்பர் 2 அன்று இம்ப்ளாக்கபிளைக் கடலுக்கு இழுத்துப்போய், பிரிட்டிஷ் கொடி, பிரெஞ்சுக் கொடி இரண்டையும் ஏற்றி, வெடி வைத்து மூழ்கடித்தார்கள். டிராஃபல்கரில் சண்டையிட்டு அன்றைக்கும் மிதந்துகொண்டிருந்தது அது. பின்பக்க அலங்காரத்தை மட்டும் கழற்றி எடுத்து கிரீனிச் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டு கொடியும் மரியாதையை விடக் குற்றவுணர்ச்சிக்காக ஏற்றியது போல்தான் தோன்றுகிறது.

சின்னக் கப்பல் தப்பியது. பள்ளிப் பிள்ளைகள் விடுமுறையில் வந்து, தூளிக் கட்டிலில் படுத்து, படகோட்டப் பழகினார்கள். 1986-இல் அது நின்றது. 1987-இல் ஒரு பெரிய மிதவையில் ஏற்றி ஹார்ட்டில்பூல் கொண்டுபோனார்கள். பழைய கப்பல்களைச் செப்பனிடத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள் என்பதுதான் காரணம். ஆனால் 1862 முதல் 1877 வரை நின்ற அதே ஊருக்குத்தான் அது திரும்பியிருந்தது. 1992-இல் பெயரும் திரும்பியது: டிரிங்கோமலி. பத்து வருஷத்துக்கு மேல் வேலை நடந்து 2001-இல் முடிந்தது. ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவு. பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட மரம் பம்பாயில் போட்டதே. பிரிட்டனில் இன்றும் நீரில் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் இதுதான். டிராஃபல்கரில் நெல்சன் இருந்த விக்டரி இதைவிட மூத்தது, ஆனால் அது உலர்துறையில் நிற்கிறது.

அண்ணாச்சிக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். நெல்சன் இல்லை என்றதும் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு பம்பாய் என்றேன், திருகோணமலை என்றேன், அணியத்தில் தலைப்பாகை கட்டிய ஆள் இருக்கிறான் என்றேன்.

“அப்ப இவன் நம்ம பயல்லா. கொடுக்க மாட்டேன் போ.”

மறுநாள் அட்டையின் பின்பக்கப் படம் மறுபடி வந்தது. பழைய பென்சில் எழுத்தை அவர் அழிக்கவில்லை. அதன் கீழே நீல மையில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘திருகோணமலை. பம்பாய், 1817. பீரங்கி வாசல் ஒரு வரிசைதான், எண்ணிப் பார்.’